ஜெர்மன் படிப்பு: இடம் மாறிய வாசல்

கோயம்புத்தூரில் பி.இ. கடைசி ஆண்டு படிக்கும் பையனிடம், ஜெர்மனிக்குப் போய் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பதில் மூச்சுவிடாமல் வரும். ஆட்டோமோட்டிவ் இன்ஜினியரிங், இல்லையென்றால் மெக்கட்ரானிக்ஸ், அதுவும் இல்லையென்றால் எனர்ஜி சிஸ்டம்ஸ். ஆஹன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பாக்கியம், கிடைக்காவிட்டால் கெம்னிட்ஸ் கைவிடாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விக்கு 'மெக்கானிக்கல்' என்பதற்கு மேல் பதில் இருந்திருக்காது. படிப்பின் பெயரைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஜெர்மன் மொழி வருமா, வராதா?

தமிழ்நாட்டுக்கும் ஜெர்மன் தொழில்நுட்பக் கல்விக்கும் நெருக்கம் உண்டானது சென்னை ஐ.ஐ.டி. வழியாக. 1956-இல் நேரு மேற்கு ஜெர்மனி போனபோது பேச்சு தொடங்கியது. 1959-இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதே ஆண்டு நிறுவனமும் தொடங்கிவிட்டது. அங்கிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள், ஆய்வகங்களுக்கும் பட்டறைகளுக்கும் இயந்திரங்கள் வந்தன. இங்கிருந்து இளம் ஆசிரியர்கள் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் அங்கே போனார்கள். ஆனால் அந்தப் பாதை ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது. சொந்த முயற்சியில், பட்டப் படிப்புக்கென்று போன மாணவரின் கதையே வேறு.

அன்று ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவருக்கென்று தனிப் படிப்பு அநேகமாகக் கிடையாது. விருந்தாளி வந்தாலும் வீட்டார் சாப்பிடுவதைத்தான் சாப்பிட வேண்டும் என்கிற வீடு அது. ஜெர்மன் மாணவர் எதைப் படிக்கிறாரோ அதை, அவர் படிக்கிற மொழியிலேயே படிக்க வேண்டும். பொறியியல் என்றால் 'டிப்ளோம்', கலைப் பாடங்கள் என்றால் 'மாகிஸ்டர்', மருத்துவமும் சட்டமும் என்றால் அரசுத் தேர்வு. நம் ஊரில் உள்ளது போல இளநிலை, முதுநிலை என்ற இரண்டு படிகள் இல்லை. பள்ளியை முடித்து உள்ளே நுழைந்தால் ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் பட்டத்தோடு வெளியே வரலாம். நடுவில் நான்கு செமஸ்டர் முடிந்ததும் 'ஃபோர்டிப்ளோம்' என்றொரு தடை. அதைத் தாண்டினால்தான் விருப்பப் பிரிவில் ஆழமாகப் போக முடியும்.

இந்தியாவில் பி.இ. முடித்துவிட்டுப் போனவருக்கு இது பெரிய குழப்பம். அவருடைய பட்டத்தை அங்கே எந்தப் படியில் வைப்பது? பல இடங்களில் ஃபோர்டிப்ளோம் அளவுக்கு ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் உள்ளதைப் படி என்றார்கள். இங்கே ஐந்து ஆண்டு படித்து வாங்கிய பட்டம் அங்கே பாதிப் படிப்பாகிவிட்டது. பட்டறை அனுபவமும் கேட்டார்கள். டிப்ளோம் பொறியாளர் ஆக வேண்டுமென்றால் அரையாண்டு அளவுக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்க வேண்டும். அதன் முதல் பாடம் அரம். இரும்புத் துண்டை இடுக்கியில் மாட்டி, மட்டம் சரியாக வரும்வரை கையால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். நம் கல்லூரிகளின் முதலாண்டு ஃபிட்டிங் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கித் தப்பிக்கிற வழி இல்லாமல்.

இதற்கெல்லாம் முன்னால் மொழி. பல்கலைக்கழகத்துக்கான ஜெர்மன் தேர்வில் தேறாமல் யாரும் உள்ளே போக முடியாது. எழுத்துக் கூட்டத் தொடங்கி அந்த நிலையை எட்ட, முழுநேரமாக உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் தொடங்கி, அங்கே போய் முடித்தவர்கள் உண்டு. தேறியவருக்கு மட்டும் ஒரு பெரிய வசதி இருந்தது. முழுப் பல்கலைக்கழகமும் அவருக்குத் திறந்துவிடும். எந்த வகுப்பிலும் போய் உட்காரலாம், எந்தப் பேராசிரியரின் கருத்தரங்கிலும் சேரலாம். வருகைப் பதிவு பெரும்பாலும் கிடையாது, அடுத்த செமஸ்டர் என்ன படிக்கிறாய் என்று கேட்க ஆளும் கிடையாது. இந்தச் சுதந்திரத்தில் தொலைந்துபோய் பத்தாண்டு மாணவராகவே இருந்தவர்கள் ஜெர்மானியர்களிலேயே ஏராளம்.

படித்து முடித்த பிறகும் ஒரு சங்கடம் காத்திருந்தது. டிப்ளோம் பட்டம் நம் எம்.இ.க்கு ஈடானது. ஊர் திரும்பியவருக்கு அதைப் புரியவைக்கவே பாதி நாள் போய்விடும். இங்கே டிப்ளமா என்றால் பாலிடெக்னிக்! இது வேடிக்கையாகத் தெரிந்தாலும், ஜெர்மன் பட்டம் வெளியுலகில் புரியவில்லை என்கிற கவலை அந்த நாட்டு அரசுக்கே இருந்தது. படிக்க வெளிநாடு செல்பவர்கள் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள், நம் பக்கம் திரும்புவதில்லை என்று 1990-களில் அங்கே பெரிய விவாதமே நடந்தது.

மாற்றம் அப்போதுதான் தொடங்கியது. 1998-இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தி, பேச்சலர், மாஸ்டர் பட்டங்களுக்கு இடம் கொடுத்தார்கள். 1999 ஜூனில் இத்தாலியின் பொலோஞா நகரில் 29 ஐரோப்பிய நாடுகள் கூடி, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பட்ட அமைப்பு என்று கையெழுத்திட்டன. டி.ஏ.ஏ.டி. எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு பணம் கொடுத்துப் பல்கலைக்கழகங்களை ஆங்கிலத்தில் பாடம் நடத்தச் சொன்னது. ஸ்டுட்கார்ட், ஹாம்பர்க் போன்ற இடங்களில் காற்று மாசுக் கட்டுப்பாடு, கணினி வழி இயந்திரவியல் என்று குறிப்பிட்ட துறைகளில் ஆங்கில மாஸ்டர் படிப்புகள் முளைத்தன. இதில் தாராள மனசு எவ்வளவு, ஆள் தேவை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2000-இல் கணினி வல்லுநர்களுக்கு 'கிரீன் கார்டு' கொடுத்து அழைத்ததும் அதே நாடுதான். அந்த அழைப்பை எதிர்த்து, இந்தியர்கள் வேண்டாம், நம் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்ற பொருளில் ஓர் அரசியல்வாதி பிரசாரம் செய்ததும் அதே ஆண்டில்தான்.

இன்று டி.ஏ.ஏ.டி. தளத்தில் வெளிநாட்டு மாணவர்களை மனத்தில் வைத்து நடத்தப்படும் படிப்புகளைத் தேடினால் இரண்டாயிரத்துக்கும் மேல் வருகின்றன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலைப் படிப்புகள். மொத்தம் 120 கிரெடிட், செமஸ்டருக்கு 30, ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எந்தப் பாடம் எப்போது, தீசிஸ் எப்போது என்பதெல்லாம் முதல் நாளே கையில் வந்துவிடும். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் ஏறத்தாழ 49,000 பேர். அதற்கு முந்தைய ஆண்டே சீனர்களைப் பின்னுக்குத் தள்ளி முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள்.

மொழி நகர்ந்துகொண்டதும் அந்த இடத்தில் காகிதம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். மதிப்பெண் பட்டியல்கள் அசலா என்று சரிபார்த்துத் தருவது அதன் வேலை. பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் யூனி-அசிஸ்ட் என்ற பொது அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். எஸ்.ஓ.பி. என்ற நோக்க அறிக்கை, எல்.ஓ.ஆர். என்ற பரிந்துரைக் கடிதம், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பு தடிமனாகும். அதற்கு மேல் பிளாக்டு அக்கவுண்ட்: முதலாண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு வைத்துவிட்டு, அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை' என்று கேள்விப்பட்டு நிம்மதியான அப்பா வங்கிக் கடனுக்கு அலைவது இந்தப் பணத்துக்காகத்தான்.

இவை எல்லாவற்றிலும் மாணவர்களை அதிகம் தூங்கவிடாமல் செய்வது ஒரு சிறு கணக்கு. ஜெர்மனியில் 1 சிறந்த மதிப்பெண், 4 தேர்ச்சியின் எல்லை. நம் சி.ஜி.பி.ஏ.வை அதற்கு மாற்ற பவேரியச் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சி 5, வாங்கியது 8 என்று வையுங்கள். பத்தில் எட்டைக் கழித்தால் 2, பத்தில் ஐந்தைக் கழித்தால் 5. இரண்டை ஐந்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.2. பல படிப்புகள் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்கின்றன, ஆகவே இவர் தப்பித்தார். 7 வாங்கியவருக்கு 2.8, கதவு மூடிக்கொள்ளும். இங்கே ஒரு பாயின்ட் வித்தியாசம் அங்கே பட்டியலையே பாதியாக்கிவிடும்.

கல்விக் கட்டணத்தின் கதையும் நேர்கோட்டில் போகவில்லை. 2006-07 வாக்கில் பல மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கின, எதிர்ப்பு வலுத்து ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 2014-இல் கடைசி மாநிலமும் விட்டது. ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ கேட்டது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் அதே வகை மாணவர்களிடம் மாஸ்டர் படிப்புக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது, அதுவும் ஒவ்வொரு செமஸ்டருக்கும். டிப்ளோம் காலத்தில் வெளிநாட்டவருக்கென்று தனிப் பந்தி இல்லை. இப்போது தனிப் படிப்பும் உண்டு, தனிக் கட்டணமும் மெல்ல வருகிறது. இரண்டும் சம்பந்தம் இல்லாதவை என்று எனக்குத் தோன்றவில்லை.

சில விஷயங்கள் அன்றும் இன்றும் அப்படியே. அட்டவணையில் பத்து மணி என்று போட்டுப் பக்கத்தில் சி.டி. என்ற இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். பாடம் முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். புதிதாக வந்த நம் பையன் முதல் நாள் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு, இரண்டாவது வாரம் தானும் தட்டத் தொடங்கிவிடுவான். தேர்வு விதியும் கண்டிப்பானதுதான். பெரும்பாலான இடங்களில் ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை அந்த நாட்டில் வேறெங்கும் தொடர்வதும் அநேகமாக நடக்காது. அரியரை வருடக்கணக்கில் சுமந்து, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று பழகிய ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது உறைக்க ஒரு செமஸ்டர் ஆகிறது.

படிப்புக்குப் பிறகு என்ன என்பதில்தான் மாற்றம் தலைகீழ். முன்பெல்லாம் படிக்க வந்தவர் முடித்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. 2005-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் வேலை தேட ஓராண்டு கொடுத்தது. 2012-இல் அது 18 மாதமானது. கிளம்பும்போதே அங்கேயே வேலை என்ற எண்ணத்தோடுதான் இன்று பெரும்பாலோர் விமானம் ஏறுகிறார்கள். அங்கேதான் சிக்கல். மாஸ்டர் படிப்பு ஆங்கிலத்தில், விடுதி நண்பர்கள் பாதிப் பேர் மதுரையும் விஜயவாடாவும், ஆய்வகத்தில் மூத்தவர் புனே. இரண்டு வருடம் ஜெர்மன் பேசாமலே ஓடிவிடும். தீசிஸை நிறுவனத்தில் செய்யலாம் என்று விண்ணப்பித்தால் அங்கே முதல் கேள்வி, ஜெர்மன் எந்த நிலை? மென்பொருளில் சிலர் ஆங்கிலத்தோடு சமாளிக்கிறார்கள். தொழிற்சாலைத் தளத்திலும், வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலைகளிலும் மொழித் தேர்ச்சிப் படிகளில் பி2-வாவது கேட்பார்கள். முன்பு சேர்க்கைக்கு முன்னால் நின்ற மொழி இப்போது பட்டத்துக்குப் பின்னால், வேலைக்கு முன்னால் நிற்கிறது. அன்று அதில் தோற்றவர் ஒரு வருடத்தோடு ஊர் திரும்பினார். இன்று தோற்கிறவர் இரண்டு வருடத்தையும், கல்விக் கடனில் எடுத்த பல லட்சத்தையும் செலவழித்த பிறகு தோற்கிறார். எனக்கென்னவோ பழைய வாசல்தான் கறாராக இருந்தாலும் நேர்மையாக இருந்தது என்று படுகிறது.

புத்திசாலிப் பிள்ளைகள் இதைக் கண்டுகொண்டுவிட்டார்கள். ஏழாவது செமஸ்டரிலேயே மாலையில் ஏ1 வகுப்பு, பிராஜெக்ட் நடக்கும்போது ஏ2, விசா வருவதற்குள் பி1. கன்சல்டன்சிக்காரர்கள் 'மொழி தேவையில்லை சார்' என்று அப்பாவிடம் சொல்வது சேர்க்கையைப் பற்றி மட்டும்தான் என்பது சீனியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தெரிந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, பெரும்பாலோர் எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்த இரண்டாயிரம் ஆங்கிலப் படிப்புகளுக்கு வெளியே ஜெர்மன் மொழியில் நடக்கும் படிப்புகள் அதைப் போலப் பல மடங்கு உண்டு. இளநிலையில் பெரும் பகுதி இன்னும் ஜெர்மனில்தான். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியவர்கள் பொறியியல், அறிவியல் போன்ற பாடங்களில் நேரடியாகச் சேரலாம், மொழி மட்டும் வேண்டும். மாஸ்டரிலும் சி1 கையில் இருந்தால் பட்டியலின் நீளமே வேறு. அங்கே இந்தியப் போட்டியும் குறைவு. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கலுக்கு அந்தப் பழைய டிப்ளோம் பட்டத்தையே இன்றும் கொடுக்கிறார்கள், பத்து செமஸ்டர் படிப்பு. பாலிடெக்னிக்கா என்று கேட்கும் சொந்தக்காரர்களைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.