இனாம் வேண்டாம், விலை கொடுங்கள்

மெக்சிகோவின் தெற்கே, ஒஹாகா மாநிலத்து மலைக் கிராமங்களில் காப்பித் தரகருக்குப் பெயர் 'கொயோட்டே'. அமெரிக்கக் காடுகளில் திரியும், ஓநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் பெயர் அது. பொருத்தமான பெயர்தான். தரகர் சொன்னதே விலை, அவர் நிறுத்ததே எடை. சரியான சாலை இல்லாத மலையில், ஓரிரு மூட்டைக் கொட்டையோடு நிற்கும் சாபோடெக், மிக்ஸே பழங்குடி விவசாயி வேறு யாரிடம் போவார்?

1980-ல் இங்கே வந்து சேர்ந்தார் பிரான்ஸ் வான் டெர் ஹோஃப். நெதர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் 1939-ல் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். இறையியலோடு பொருளாதாரமும் படித்தவர். சிலியில் தொழிலாளர்களுடன் வேலை செய்தபடியே குருப்பணி ஆற்றியவர், 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மெக்சிகோவுக்கு வந்தார். தெவான்தெபெக் மறைமாவட்டத்தின் பிஷப் ஆர்துரோ லோனா 'ஏழைகளின் பிஷப்' என்று பெயர் வாங்கியவர். வான் டெர் ஹோஃபுக்கு இது தோதான இடம். மலையிலேயே தங்கி, தானும் காப்பி பயிரிட்டார்.

1981-ல் விவசாயிகளும் திருச்சபைக் குழுவினரும் கூடி உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். கையில் வருவது எவ்வளவு, வழியில் போவது எவ்வளவு? பூசை வைத்து, தானியம் வழங்கிவிட்டுப் போகிற பழைய பாணி தர்மம் இந்தக் கணக்கைத் தொடாது என்பது புரிந்தது. 1983-ல் யுசிரி கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தரகரைத் தாண்டி நேரே ஏற்றுமதி. ரசாயன உரமில்லாத காப்பி. கிராமங்களுக்கு பஸ், விவசாயப் பள்ளி என்று சங்கம் வளர்ந்தது.

ஆனால் வாங்குவது யார்? ஐரோப்பாவில் அனுதாபிகள் நடத்திய சின்னக் கடைகளில் விற்று எத்தனை குடும்பம் பிழைக்கும்? ஹாலந்தில் திருச்சபைகள் உருவாக்கிய சாலிடாரிடாட் அமைப்பின் நிகோ ரோசனும் வான் டெர் ஹோஃபும் யோசித்ததன் விளைவு, 1988 நவம்பரில் வந்த 'மாக்ஸ் ஹாவலார்' முத்திரை. ஜாவாவில் டச்சுக்காரர்கள் காப்பிக்காக நடத்திய சுரண்டலைச் சொன்ன 1860-ம் ஆண்டு நாவலின் பெயர் அது. ஏற்பாடு எளிது: சந்தை எவ்வளவு விழுந்தாலும் விலை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது, சந்தை ஏறினால் சந்தை விலை. அதற்கு மேல் ஒரு சிறு தொகை சங்கத்தின் பொதுக் காரியங்களுக்கு. முத்திரை உள்ள பாக்கெட் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1989-ல் சர்வதேச காப்பி ஒப்பந்தத்தின் கோட்டா முறை சரிய, விலையும் சரிந்தது. 2001-ல் உலகச் சந்தையில் பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனபோது, முத்திரைக் காப்பிக்கு 126 சென்ட். உலகெங்கும் விவசாயிகள் காப்பிச் செடியைக் கைவிட்ட காலம் அது.

இதனால் மலை மக்கள் பணக்காரர் ஆகிவிட்டார்களா? இல்லை. சில ஏக்கர் நிலத்தில் எந்த விலையும் செல்வம் சேர்க்காது. முத்திரைக்குத் தகுதியான காப்பி முழுவதற்கும் அந்த விலையில் ஆள் கிடைப்பதில்லை. தவிர, அந்தக் குறைந்தபட்ச விலை கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் நகரவே இல்லை. மற்ற எல்லா விலையும் நகர்ந்தது. ஓநாயைத் துரத்தியவர்கள் விலைவாசியை மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாதிரியாருக்கே பிற்காலத்தில் கோபம். பெரிய கம்பெனிகள் விற்பனையில் ஒரு துளியை மட்டும் முத்திரைக்குள் கொண்டுவந்து நல்ல பெயர் வாங்குவதை அவர் ஏற்கவில்லை. அமெரிக்காவின் முத்திரை அமைப்பு 2011-ல் சர்வதேச அமைப்பிலிருந்து பிரிந்து, கூலியாட்களை வைத்து நடக்கும் பெரிய எஸ்டேட் காப்பிக்கும் இடம் கொடுத்தது. சங்கம் சேர்ந்த சிறு விவசாயிக்காக ஆரம்பித்த விஷயம் இது.

லத்தீன் அமெரிக்கச் சிறு விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. 2006-லேயே தங்களுக்கென்று தனி முத்திரையை அறிவித்திருந்தார்கள். விதிகளை வகுப்பது அவர்களே. வான் டெர் ஹோஃப் 2024 பிப்ரவரியில் மெக்சிகோவில் காலமானார்.