இயற்கணித வகுப்பில் என்ன காத்திருக்கிறது?

கணிதம் என்றாலே காத தூரம் ஓடுவோர் நம்மில் பலர். அதிலும் இயற்கணிதம் என்று சொல்லிவிட்டால் போதும். “இதுவரை எண்களைக் கூட்டினோம், கழித்தோம், இனி எழுத்துகளையுமா கூட்டிக் கழிக்க வேண்டும்?” என்ற சலிப்பு முகத்தில் தோன்றிவிடும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பிற்கு வரவிருக்கும் அன்புத் தங்கையர் ஆண்டுதோறும் மூத்த மாணவியரிடம் கேட்பது ஒன்றே: “அக்கா, பத்தாம் வகுப்புக் கணக்கு ரொம்பக் கஷ்டமா?” அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. எனவே ஓராண்டு அப்பாடத்தோடு பழகிய நாங்கள் இம்மலரின் வாயிலாக விடை கூற விழைகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கீழ் வகுப்புகளில் கணக்கை முடித்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையிடம் ஓடுவோம். சிவப்பு மையில் ‘சரி’ விழுந்தால்தான் நமக்கு நிம்மதி. இயற்கணிதம் அந்த வழக்கத்தை மாற்றக் கற்றுத் தருகிறது. கண்டுபிடித்த விடையைச் சமன்பாட்டிலேயே இட்டுப் பார்க்கலாம். இரு பக்கமும் சமமானால் விடை சரி, இல்லையேல் தவறு. யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொண்டவளுக்கு இப்பாடத்தில் பாதி அச்சம் நீங்கிவிடும்.

பாடத்தில் என்னென்ன உண்டு?

தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாம் வகுப்புக் கணிதம் 8 இயல்களைக் கொண்டது. அவற்றுள் மூன்றாவது இயல் இயற்கணிதம். மூன்று மாறிகளைக் கொண்ட சமன்பாடுகள், பல்லுறுப்புக்கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, விகிதமுறு கோவைகள், பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடுகள், அவற்றின் வரைபடங்கள், அணிகள் ஆகியன அதில் அடங்கும். பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகளே இவை.

முதல் படியைப் பாருங்கள். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் சேர்ந்து 50 ரூபாய். ஒரு பேனாவும் ஓர் அளவுகோலும் சேர்ந்து 25 ரூபாய். ஒரு நோட்டும் ஓர் அளவுகோலும் சேர்ந்து 55 ரூபாய். ஒவ்வொன்றின் விலை என்ன? மூன்றையும் கூட்டினால் 130. அதில் ஒவ்வொரு பொருளும் இரு முறை வந்துள்ளது. ஆகவே மூன்று பொருள்களும் ஒவ்வொன்று வாங்கினால் 65 ரூபாய். அதிலிருந்து 50-ஐக் கழித்தால் அளவுகோல் 15. 25-ஐக் கழித்தால் நோட்டு 40. 55-ஐக் கழித்தால் பேனா 10. கடைக்காரர் விலையைச் சொல்லாமலே நாம் கண்டுபிடித்துவிட்டோம்! எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்துகள் இங்கு அப்பொருள்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவை நம்மை மிரட்ட வந்தவை அல்ல. விடை தெரியும் வரை நமக்காக இடம் பிடித்து வைத்திருப்பவை.

சதுரத்தை நிரப்பிய அறிஞர்

இப்பாடத்தின் நடுநாயகம் இருபடிச் சமன்பாடு. அதைத் தீர்க்க மூன்று வழிகள் கற்கிறோம்: காரணிப்படுத்துதல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம். பெரும்பாலோர் சூத்திரத்தை மட்டும் உருப்போட்டுவிட்டு வர்க்கப் பூர்த்தியை ஒதுக்கிவிடுவர். ஆனால் சூத்திரம் பிறந்த இடமே அதுதான்.

ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்னும் அறிஞர் ஒரு கணக்கைக் காட்டினார். அவருடைய நூலின் பெயரிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லே ‘அல்ஜீப்ரா’ என்று உலகெங்கும் வழங்கலாயிற்று. அவர் காட்டிய கணக்கை இன்றைய முறையில் எழுதினால் எக்ஸ்² + 10எக்ஸ் = 39 என்றாகும். அவர் இதைப் படம் வரைந்து விளக்கினார். நாமும் முற்றத்தில் கோலமாவால் வரைந்து பார்ப்போமே!

பக்கம் எக்ஸ் உடைய ஒரு சதுரம் வரையுங்கள். அதன் பரப்பு எக்ஸ்². மீதமுள்ள 10எக்ஸ் பரப்பை இரு சம பங்காக்கி, 5 அகலமும் எக்ஸ் நீளமும் உடைய இரண்டு செவ்வகங்களாகச் சதுரத்தின் வலப்புறமும் கீழ்ப்புறமும் ஒட்டுங்கள். இப்போது மொத்தப் பரப்பு 39. ஆனால் வலப்புறக் கீழ் மூலையில் ஒரு சிறு கட்டம் காலியாக இருக்கும். அதன் பரப்பு 5 × 5 = 25. அதை நிரப்பினால் முழுச் சதுரம் கிடைக்கும். அதன் பரப்பு 39 + 25 = 64. ஆகவே அதன் பக்கம் 8. அதில் ஒட்டிய 5 போக எக்ஸ் = 3. சரிபார்ப்போமா? 3-இன் வர்க்கம் 9, 10 மடங்கு 30, கூட்டினால் 39!

‘வர்க்கத்தைப் பூர்த்தி செய்தல்’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! காலி மூலையை நிரப்புவதே அம்முறை. இச்சமன்பாட்டிற்கு −13 என்ற இன்னொரு விடையும் உண்டு. 169-லிருந்து 130 போக 39 வருவதைக் காண்க. சதுரத்தின் பக்கம் குறை எண்ணாக இருக்க முடியாதாகையால் படத்தில் அது அகப்படவில்லை. நம் நாட்டு ஸ்ரீதரரும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க ஒரு விதி தந்தார். பின்னாளில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் பாஸ்கரர் அதை எடுத்தாண்டுள்ளார்.

கதைக் கணக்கு

வாக்கியங்களாக வரும் கணக்கைக் கண்டால் பலருக்கும் நடுக்கம். ஒன்றைப் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு வகுப்பார் சுற்றுலா செல்ல 6000 ரூபாய்க்குப் பேருந்து பேசினர். எல்லோரும் சமமாகப் பகிர்வதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் 10 பேர் வரவில்லை. மற்றவர் ஒவ்வொருவரும் 50 ரூபாய் கூடுதலாகத் தர நேர்ந்தது. முதலில் இருந்தவர் எத்தனை பேர்?

தெரியாததற்கு எக்ஸ் என்று பெயரிடுக. முதலில் ஒருவர் பங்கு 6000-ஐ எக்ஸால் வகுத்தது. பின்னர் 6000-ஐ (எக்ஸ் − 10) ஆல் வகுத்தது. இரண்டிற்கும் வேறுபாடு 50. விகிதமுறு கோவைகள் பாடத்தில் கற்றபடி சுருக்கினால் எக்ஸ் × (எக்ஸ் − 10) = 1200 என வரும். 40-ஐ 30-ஆல் பெருக்கினால் 1200. ஆகவே 40 பேர். மற்றொரு விடை −30. ‘குறை முப்பது மாணவியர்’ பேருந்தில் ஏற முடியாது! எனவே அதை விலக்குகிறோம். சமன்பாடு தருவதையெல்லாம் அப்படியே எழுதிவிடாமல், கதைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் நம் கடமையே. 40 பேருக்கு ஆளுக்கு 150 ரூபாய், 30 பேருக்கு ஆளுக்கு 200 ரூபாய், வேறுபாடு 50. கணக்கு நேராயிற்று.

படமும் அணியும்

அரசுப் பொதுத்தேர்வில் வரைபடத்திற்கு 8 மதிப்பெண் உண்டு. இருபடி வரைபடம் பரவளையம் என்னும் வளைவாக வரும். த்ரோபால் ஆட்டத்தில் நாம் எறியும் பந்து ஏறி இறங்கும் பாதை, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், பரவளையமே. அவ்வளைவு எக்ஸ் அச்சை வெட்டும் இடங்களே சமன்பாட்டின் மெய்யான மூலங்கள். எக்ஸ்² − 5எக்ஸ் + 6 என்பதன் வரைபடம் 2-லும் 3-லும் அச்சை வெட்டும். வளைவு அச்சை ஒரே இடத்தில் தொட்டுச் சென்றால் இரு மூலங்களும் சமம். தொடவே இல்லையென்றால் மெய் மூலங்கள் இல்லை. வரையாமலேயே இதை முன்கூட்டிச் சொல்லும் கருவிதான் தன்மைக்காட்டி. ஆகவே இரு வழியிலும் செய்து ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கலாம்.

அணிகள் நமக்கு முற்றிலும் புதியவை. நிரையை நிரலால் ஏன் பெருக்க வேண்டும் என்று குழம்ப வேண்டாம். 2 நோட்டு, 3 பேனா என்ற பட்டியலை நிரையாகவும், 40 ரூபாய், 10 ரூபாய் என்ற விலைகளை நிரலாகவும் எழுதுங்கள். பெருக்கினால் 80 + 30 = 110. கடையில் நாம் போடும் பில்தான் அது! வரிசையை மாற்றி நிரலை நிரையால் பெருக்கினால் நான்கு எண்கள் கொண்ட வேறோர் அணி வரும். எண்களில் 3 × 4 என்றாலும் 4 × 3 என்றாலும் ஒன்றே. அணிகளில் அந்த உறுதி இல்லை. காலுறை அணிந்து ஷூ போடுவதும், ஷூ போட்டு அதன்மேல் காலுறை அணிவதும் ஒன்றாகுமா?

எச்சரிக்கை மூன்று

இப்பாடத்தில் மதிப்பெண் வழுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று: (ஏ + பி)² என்பதை ஏ² + பி² என எழுதுவது. 3-ஐயும் 4-ஐயும் இட்டுப் பாருங்கள்: 7-இன் வர்க்கம் 49; 9-ம் 16-ம் கூட்டினால் 25. இரண்டு: கூட்டலில் உள்ள எண்ணைக் கீழுள்ள எண்ணோடு அடித்துவிடுவது. (எக்ஸ் + 6)-ஐ 6-ஆல் வகுக்கும்போது இரு ஆறுகளையும் அடிக்கக்கூடாது. எக்ஸுக்கு 6 இட்டால் 12-ஐ 6-ஆல் வகுத்து 2 வரும் என்பதே சான்று. மூன்று: எக்ஸ்² = 5எக்ஸ் என்பதில் இரு பக்கமும் எக்ஸால் வகுத்து 5 என்று மட்டும் முடிப்பது. 0 என்ற விடை அங்கே காணாமற்போகிறது. மூன்றையும் கண்டுபிடிக்க ஒரே வழி, சிறு எண் இட்டுப் பார்ப்பது. பதறாத காரியம் சிதறாது!

நாள்தோறும் ஐந்து கணக்குகளேனும் விடையைப் பார்க்காமல் செய்யுங்கள். எடுத்துக்காட்டைப் படிப்பது நீச்சலைக் கரையிலிருந்து பார்ப்பது போன்றது. படிகளை விடாமல் எழுதுங்கள். படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. புரியாவிட்டால் அன்றே கேளுங்கள். இன்று விட்ட காரணிப்படுத்துதல் அடுத்த மாதம் விகிதமுறு கோவையிலும், அதற்கடுத்து இருபடிச் சமன்பாட்டிலும் வந்து நிற்கும்.

பெண்களுக்கு எதற்கு?

“பெண் பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?” என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்கு இரு பெண்மணிகளை அறிமுகம் செய்ய விரும்புகிறோம். இத்தாலியில் மிலான் நகரில் 1718-இல் பிறந்தவர் மரியா கயெத்தானா அக்னேசி. பெரிய குடும்பத்தின் மூத்த மகள். இயற்கணிதத்தில் தொடங்கி நுண்கணிதம் வரை விளக்கும் பெரும் பாடநூலை 1748-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் தம் தாய்மொழியில் எழுதினார். திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் 1750-இல் அவரைப் பொலோஞாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பதவிக்கு நியமித்தார். தந்தையின் மறைவிற்குப் பின் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்து 1799-இல் இறந்தார். மற்றவர் ஜெர்மனி நாட்டு எம்மி நோதர் (1882–1935). பெண் என்பதால் பல ஆண்டுகள் ஊதியமின்றிக் கற்பித்தார். எனினும் இன்றைய உயர் இயற்கணிதத்தின் வடிவத்தை அமைத்தவருள் முதன்மையானவராக விளங்குகிறார்.

பெற்றோர்களே, தங்கையரே! பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பாடப்பிரிவு என்று முடிவு செய்யும் நாள் வரும். கணிதம் உள்ள பிரிவை எடுத்தால் இப்பாடம் மேலும் வளரும். இங்கே ‘மெய் மூலங்கள் இல்லை’ என்று எழுதி நிறுத்தும் கணக்கிற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் விடை தரும். கலையோ வணிகமோ வரலாறோ விரும்பி எடுப்பவர் மகிழ்ச்சியோடு எடுக்கட்டும். எல்லோரும் கணிதமே படிக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால், “எனக்குக் கணக்கு வராது” என்ற அச்சம் நமக்காக முடிவெடுக்கலாகாது. கணக்கு வருமா, வராதா என்பதும் செய்து சரிபார்க்க வேண்டிய ஒன்றே. ஓராண்டு உழைத்து, விடையை இட்டுப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள். அம்முடிவு எதுவாயினும் அது உங்களுடையதாக இருக்கும்.

புதிய வகுப்பிற்கு வரும் தங்கையர் அனைவருக்கும் எங்கள் இதயங்கனிந்த வாழ்த்துகள்!