அதிமதுரத்துள் மறைந்த மது

பொருள்களின் இயல்பைச் சில வேளைகளில் அவற்றின் பெயர்களே முன்கூட்டி உரைத்துவிடுவதுண்டு. பின்லாந்து நாட்டினர் விரும்பிப் பருகும் கருநிற மதுவொன்றன் வரலாற்றை ஆராய்ந்தபோது இவ்வுண்மை என் உள்ளத்திற் பதிந்தது. சல்மியாக்கி கொஸ்கன்கோர்வா என்பது அதன் பெயர். அந்நாட்டார் சுருக்கமாகச் ‘சல்மாரி’ என்பர்.

கொஸ்கன்கோர்வா ஒரு சிற்றூர். வாற்கோதுமையிலிருந்து வடிக்கப்படும் தெளிந்த சாராயமொன்று 1953 ஆம் ஆண்டு முதல் அவ்வூர்ப் பெயரால் வழங்குகின்றது. சல்மியாக்கி என்பதோ அதிமதுரமும் நவச்சாரமும் சேர்ந்த கரிய இனிப்புப் பண்டம். இவ்விரு சரக்குகளும் நமக்குப் புதியனவல்ல. அதிமதுரம் நம் வைத்தியர் இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் கொடுக்கும் வேர். நவச்சாரம் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் கையாளும் உப்பு. இரசாயன நூலார் அதனை அமோனியங்குளோரைட்டு என்பர். வடபுல நாடுகளிலும் இவை முன்னர்ச் சளியை இளக்கும் மருந்துகளாகவே விற்கப்பட்டன. பின்னரே சிறுவர்தம் தின்பண்டமாயின.

இப்பண்டத்தை இடித்துச் சாராயத்திற் கரைத்துப் பருகும் வழக்கம் அங்கே தோன்றிப் பரவிற்று. 1993 ஆம் ஆண்டில் அரசாங்க மது நிறுவனத்தைச் சார்ந்த ஆலையே ஆயத்தக் கலவையைப் போத்தல்களில் அடைத்து விற்கலாயிற்று. இளைஞர் அதனைப் பெரிதும் நாடினர். சாராயத்தின் காரம் நாவுக்குப் புலப்படாமையே அதற்குக் காரணம். அச்சங்கொண்ட அதிகாரிகள் சிறிது காலம் விற்பனையை நிறுத்தினர். ஆயினும் அம்மது மீண்டும் கடைக்கு வந்தது. 1919 முதல் 1932 வரை மதுவிலக்கை நடத்திப் பார்த்த நாடு அது என்பதை ஈண்டு நினைத்தல் தகும்.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். மதுரம் என்பது மது என்னும் வடசொல்லினடியாகப் பிறந்தது. மது என்பதற்குத் தேன் என்றும் கள் என்றும் இருபொருள் உண்டு. பின்னிய மொழியிலும் தேனைக் குறிக்கும் ‘மெசி’ என்னும் சொல் அதே தொல்வேரிலிருந்து கடனாகப் பெறப்பட்டதென மொழிநூலார் கூறுவர். தமிழும் பின்னியமும் வெவ்வேறு குடும்பத்து மொழிகள். எனினும் இனிமையைச் சுட்ட இரண்டும் ஒரே இனத்தாரிடம் சொற்கடன் கொண்டமை வியப்பன்றோ!

கசப்பு மருந்தைக் குழந்தை உண்ணுமாறு மறைத்துக் கொடுத்தது அதிமதுரத்தின் இனிமை. அவ்வினிமையே சாராயத்தையும் மறைத்து, இளைஞரை அளவு மறக்கச் செய்தது. அதிமதுரமுந்தான் மிகுந்தால் குருதியழுத்தத்தை உயர்த்தும். ஆதலின், அது மிகுதியாகச் சேர்ந்த பண்டங்களில் எச்சரிக்கை பொறித்தல் வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டில் விதித்தது.

மாணவர்க்கு யான் கூற விழைவது இதுவே: நாவுக்கு இனிப்பது கொண்டு ஒரு பொருளின் நன்மையை அளவிடற்க. மதுரம் என்னும் சொல்லுக்குள்ளேயே மது இருக்கின்றது.