முன் அச்சு மாற்றிய வண்டியைச் சீர்படுத்துவது எப்படி?



தக்காளியும் கத்தரியும் சந்தைக்கு ஏற்றிப் போக இன்றைக்குப் பல ஊர்களில் பிக்கப் வண்டிதான் கைகொடுக்கிறது. பள்ளத்தில் இறங்கி அடிபட்டோ, பல வருஷம் பாரம் சுமந்து வளைந்தோ முன் அச்சு கெட்டுப்போனால் அதைக் கழற்றிவிட்டு வேறு அச்சு போடுகிறோம். பட்டறையிலிருந்து வண்டி வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதியைச் சரியாகச் செய்யாவிட்டால் டயர் தேயும், ஸ்டீயரிங் உதறும். இருட்டு நேரத்தில் முழுப் பாரத்தோடு போகிறபோது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இடது வலது சக்கரங்களை ஒரே இரும்புக் கட்டையாக இணைக்கும் அச்சு ஒரு வகை. இரண்டு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு இன்னொரு வகை. உங்கள் வண்டி எந்த வகையில் வந்ததோ அதே வகை அச்சைத்தான் போட வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. இங்கே நான் சொல்வது, பட்டை ஸ்பிரிங்கின் மேல் கட்டை அச்சு உள்ள வண்டிக்கு, அதே மாதிரி அச்சைப் போட்ட பிறகு செய்ய வேண்டிய காரியங்கள்.

முதல் காரியம், அச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. பட்டையின் நடு போல்ட் தலை, அச்சில் உள்ள குழியில் பொருந்தியிருக்க வேண்டும். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். சக்கரங்கள் நேராக இருக்கும்போது இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அச்சு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. மற்ற எதைச் சரிசெய்தாலும் பயனில்லை. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு இருந்தால், அதன் தடித்த முனை பழையபடி அதே பக்கம் இருக்கவேண்டும். சைக்கிளின் முன் கவை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கிறதே, அதே சாய்வை வண்டிக்குக் கொடுப்பது இந்த ஆப்புதான். அது திரும்பிப்போனால், வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. வண்டி சாலையில் அலையும்.

யூ போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முதல் நடைச் சரக்கு இறக்கியதும் இன்னொரு முறை, ஒரு வாரம் ஓடியபின் மறுபடி ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புதிதாக உட்கார்ந்த பட்டை சற்று அமுங்கி, முறுக்கு தளர்வது இயற்கை.

இரண்டாவது, ஆட்டம். ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, கீழே தாங்குகட்டை கொடுங்கள். கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு சக்கர பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். சக்கரம் தூக்கியிருக்கும்போதே கிங் பின்னுக்கு கிரீஸ் அடியுங்கள். பாரம் இல்லாதபோதுதான் அது உள்வரை போகும்.

மூன்றாவது, ஸ்டீயரிங்கை இடது கோடி வரை, வலது கோடி வரை ஒடித்துப் பாருங்கள். பிரேக் ரப்பர் குழாய் எங்கும் இழுபடவோ உரசவோ கூடாது. டயர் பட்டையில் இடிக்கக் கூடாது. இரு கோடிக்கும் மொத்தம் எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். அப்போது சக்கரங்கள் நேராக நிற்கவேண்டும். நிற்காவிட்டால் டிராக் லிங்கில் சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங் வளையத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவது கோளாறை மூடி மறைப்பதுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகே நான்காவதான சக்கர நேர்மை. இரு டயரிலும் காற்று சமமாக இருக்கட்டும். சமதரையில் வண்டியைச் சில அடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். டயர்களின் பின்பக்கம், சக்கர நடு உயரத்தில், நடுக்கோட்டில் சாக்பீஸ் அடையாளம் வைத்து இடைவெளியை அளங்கள். அடையாளம் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னால் தள்ளி மறுபடி அளங்கள். முன் அளவு பின் அளவைவிடச் சற்றே குறைவாக இருப்பதே பொதுவான வழக்கம். எத்தனை மில்லிமீட்டர் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருப்பிச் சரிசெய்து, நட்டை மறக்காமல் இறுக்குங்கள்.

நாலைந்து மில்லிமீட்டரில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 70 செ.மீ. விட்டமுள்ள டயருக்கு முன்னும் பின்னும் 7 மி.மீ. வித்தியாசம் என்று வையுங்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடுகிறது. சந்தை 40 கிலோமீட்டர் என்றால் போகும்போது மட்டும் 200 மீட்டர்! புது டயர் சீக்கிரம் மொட்டையாவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கடைசியாக, ஓட்டம். முதலில் காலி வண்டியை மெதுவாக ஓட்டி, நேர்ச்சாலையில் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். பிறகு பாதிப் பாரம், அதன்பின் முழுப் பாரம். பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக்கைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் உதறுகிறதா? கிங் பின், டை ராடு முனை, ஆப்பு மூன்றையும் மறுபடி சோதியுங்கள். நிறுத்தியதும் சக்கர நடுவைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே பேரிங் இறுகியிருக்கலாம், இல்லை பிரேக் பிடித்திருக்கலாம். வண்டி உயரம் மாறியிருந்தால் விளக்கொளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்கிவிடுங்கள்.

"லோடு ஏத்தினா எல்லாம் தானா சரியாப் போயிடுங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலி வண்டியில் தெரிகிற உதறல் பாரத்தில் மறைந்து நிற்கும், போகாது. மழை ஈரத்தில், இறக்கத்தில், மறுபடி தலைகாட்டும். அச்சு மாற்றச் செலவு செய்தவர்கள், இந்த ஒரு நாளையும் சேர்த்துச் செலவழித்துவிடுங்கள். சரக்கும் பத்திரம், வண்டியில் வருகிறவர்களும் பத்திரம்.