முதுமையில் எங்கே வசிப்பது? சொந்த வீடா, முதியோர் குடியிருப்பா?



நம் குடும்பங்களில் இன்று தாழ்ந்த குரலில் பேசப்படும் கேள்வி ஒன்று உண்டு. வாப்பாவும் உம்மாவும் இனி எங்கே வசிப்பது? மூத்த மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். இளையவர் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறார். மகளோ கணவரின் பணியிடத்தில் இருக்கிறார். ஊரிலுள்ள பெரிய வீட்டில் முதியவர் இருவர் மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கே வீட்டைக் கொடுத்து, பெற்றோரும் அவளுடன் வாழும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காக மகளே நகரத்திற்குச் செல்லும்போது அந்த வழக்கமும் தளர்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். ஆகவே இது ஏதோ ஒரு வீட்டின் பிரச்சினையன்று. முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே சிலர் அதைப் பாவமெனத் தள்ளிவிடுகின்றனர். வேறு சிலர், மாதந்தோறும் பணம் கட்டிவிட்டால் தம் கடமை முடிந்தது என எண்ணுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் சரியானவை அல்ல.

மார்க்கம் நம்மிடம் கேட்பது என்ன?

திருக்குர்ஆனின் 17ஆவது அத்தியாயம், 23, 24 ஆகிய வசனங்களைச் சிந்தியுங்கள். தன்னை மட்டுமே வணங்க வேண்டும் என்ற கட்டளையை அடுத்தே, பெற்றோருக்கு நன்மை செய்ய வேண்டும் என்பதை அல்லாஹ் கூறுகிறான். அவர்கள் முதுமையை அடைந்தால் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லைக்கூடச் சொல்லலாகாது என்று தடுக்கிறான். பணிவின் இறக்கையை அவர்களுக்காகத் தாழ்த்துமாறு பணிக்கிறான். அவ்வசனத்தில், முதுமையடையும் பெற்றோர் 'உம்மிடத்தில்' இருப்பதாகவே கூறப்படுகிறது. அவர்கள் நம் பொறுப்பிலும் நம் கண்பார்வையிலும் இருக்க வேண்டும் என்பதை இச்சொல் உணர்த்துகிறது.

அறப்போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். 'ஆம்' என்றதும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடுமாறு திருப்பியனுப்பினார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது.

இக்கடமை மகன், மகள் ஆகியோர் மீதானது. மாமனார், மாமியாருக்குப் பணிவிடை செய்யும் மருமகளுக்கு மகத்தான நற்கூலி உண்டு. எனினும் கணவர் தம் கடமையை முழுவதுமாக அவள் தலையில் சுமத்திவிட்டுக் கடல் கடந்து செல்வது நீதியன்று. 'என் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்கள்' என்று பெருமை பேசுவோர், அவ்வீட்டில் இரவில் எழுந்து அவர்களைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே வாழ்வதென்றால்

பழகிய வீடு முதியவருக்குப் பெரும் பலம். பாங்கோசை கேட்கிறது. ஜமாஅத்தினர் விசாரிக்கின்றனர். அண்டை வீட்டார் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகின்றனர். இந்த உறவுகளை எந்த ஊரிலும் விலைக்கு வாங்க இயலாது. ஆயினும் இளமையில் கட்டிய வீடு முதுமைக்கு ஏற்றதாக இருப்பதில்லை. முதியோர் பலரைப் படுக்கையில் தள்ளுவது வழுக்கி விழுதலே. ஒரு முறை இடுப்பெலும்பு முறிந்தபின் பழைய நிலைக்குத் திரும்பாதவர் பலர்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியவை சில உள்ளன. படுக்கையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுங்கள். அமர்ந்து பயன்படுத்தும் கழிப்பறையும், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பியும், வழுக்காத தரையும் அமையுங்கள். உட்கார்ந்து ஒளூச் செய்யக் குழாயின் அருகில் உறுதியான இருக்கை வையுங்கள். இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை விளக்கு எரியட்டும். பஜ்ருக்கு இருட்டில் எழுபவருக்கு இது மிக அவசியம்.

அடுத்து ஆட்களைப் பற்றி எண்ணுங்கள். சமையலுக்கு யார்? மருத்துவரிடம் அழைத்துச் செல்ல யார்? நள்ளிரவில் கதவைத் தட்டினால் வருபவர் யார்? இவற்றுக்கு ஒவ்வொரு பெயரை எழுத முடிந்தால், பெற்றோர் வீட்டிலேயே வாழ வழி உண்டு. பெயர் எழுத முடியாமல் இடம் வெறுமையாக இருந்தால், வெறும் பாசம் அந்த இடத்தை நிரப்பாது.

குடியிருப்புக்குச் செல்வதென்றால்

முதியோர் இல்லம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் பல. ஆதரவற்றோருக்கான இலவச இல்லம் ஒன்று. மாதக் கட்டணம் பெற்று உணவும் அறையும் தரும் இல்லம் மற்றொன்று. கோவை போன்ற நகரங்களில் பெருகியுள்ள தனி வீடுகள் கொண்ட முதியோர் குடியிருப்பு வேறொரு வகை. படுத்த படுக்கையானோரைப் பராமரிக்கும் செவிலியர் இல்லம் பிறிதொன்று. நடமாட்டமுள்ளவர்களுக்காக அமைந்த இடம், நினைவிழந்தவரை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். எனவே இன்றைய நிலையை மட்டும் பார்க்காமல், 'படுக்கையில் விழுந்தால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

பணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். அந்த வீடு உங்கள் பெயரில் பத்திரம் செய்யப்படுகிறதா? குத்தகையா? அல்லது முன்பணம் கட்டி ஆயுள்வரை தங்கும் உரிமை மட்டுமா? முன்பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? மாதப் பராமரிப்புக் கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம்? இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவர் தொடர்ந்து தங்கலாமா? திரும்பி வர வேண்டிய முன்பணம் மய்யித்தின் சொத்து. அது வாரிசுகள் அனைவருக்கும் பாகம் பிரிக்கப்பட வேண்டியது. பணத்தைக் கட்டிய மகன், கடனாகக் கொடுத்தாரா, அன்பளிப்பாகக் கொடுத்தாரா என்பதையும் அப்போதே எழுதி வைத்துவிடுவது நல்லது.

நம் குடும்பங்கள் தனியே கேட்க வேண்டியவையும் உண்டு. ஹலால் உணவு கிடைக்குமா? ரமளானில் சஹர் நேரத்தில் சமையலறை திறக்குமா? பள்ளிவாசல் எவ்வளவு தூரம்? பெண்களைக் குளிப்பாட்டி உடை மாற்றப் பெண் பணியாளரே வருவாரா? இவற்றோடு, பலரும் கேட்க மறக்கும் ஒன்று மய்யித்தின் காரியம். நம் ஊர்களில் கபர்ஸ்தான் பெரும்பாலும் மஹல்லா ஜமாஅத்தின் பொறுப்பில் உள்ளது. வெளியூரில் வஃபாத்தானால் குளிப்பாட்டிக் கபனிடுவது யார், எந்த ஜமாஅத்தின் மையவாடியில் அடக்குவது என்பதை முன்கூட்டியே அவ்வூர் ஜமாஅத்தாரிடம் பேசி வையுங்கள். சொந்த ஊர் ஜமாஅத்தின் சந்தாவையும் நிறுத்திவிடாதீர்கள்.

மற்றொன்றையும் கவனியுங்கள். வாப்பா இறந்ததும் தனியாக இருக்கும் உம்மாவை உடனே இடம் மாற்றப் பிள்ளைகள் துடிக்கின்றனர். கணவரை இழந்த பெண்ணுக்கு 4 மாதம் 10 நாள் இத்தா உண்டு. தக்க காரணமின்றி அக்காலத்தில் அவர் தம் வீட்டை விட்டு மாறலாகாது. அந்த நாட்களில் பிள்ளைகளே முறைவைத்து அங்கு வந்து தங்கட்டும். துக்கத்தின் வேகத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் நிலைப்பதில்லை.

வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

'உங்களைப் பார்த்துக்கொள்கிறேன், வீட்டை என் பெயருக்கு எழுதுங்கள்' என்ற பேச்சு எழுந்தால் பெற்றோரே, நிதானியுங்கள்! 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உங்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், அப்பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனையே இல்லாத பத்திரத்துக்கு இப்பிரிவு பொருந்தாது என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், தாயைப் பராமரிப்பதாக மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் கருத்திற்கொண்டு, கொடைப் பத்திரத்தை ரத்துச் செய்து சொத்தைத் தாய்க்கே திருப்பியளித்தது.

ஹிபாவில் நிபந்தனை சேர்ப்பது பற்றிய ஷரீஅத் சட்டம் நுணுக்கமானது. ஆகவே ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதம் பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதையும் மறவாதீர்கள். உயிருள்ளவரை வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அதன்பின் அல்லாஹ் வகுத்த பாகம் இருக்கிறது.

வருமானமற்ற பெற்றோர் இதே சட்டத்தின்படி மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். கைவிடப்பட்டோரும் துன்புறுத்தப்படுவோரும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். பெற்ற பிள்ளைமீது மனுக் கொடுக்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. அந்த நிலை வராமல் காப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

முடிவு யாருடையது?

இறைநம்பிக்கையாளர்களின் காரியங்கள் ஆலோசனையின் மூலம் நடப்பவை என்று திருக்குர்ஆன் (42:38) போற்றுகிறது. பிள்ளைகள் தொலைபேசியில் தமக்குள் பேசி முடித்துவிட்டு, பெட்டியைக் கட்டிய பின் பெற்றோரிடம் சொல்வது ஆலோசனை ஆகாது. எந்த இடத்தில் வாழ்வது என்பதை, அறிவும் திடமும் உள்ள வரை, அங்கே வாழப்போகிறவரே சொல்ல வேண்டும். அவர் நலமாக இருக்கும்போதே பேசுங்கள். மருத்துவமனை வாசலில் பேசத் தொடங்கினால் அவசரம்தான் முடிவெடுக்கும். குடியிருப்பை விரும்பினால் முதலில் ஒரு மாதம் மட்டும் தங்கிப் பார்க்கட்டும். ஊர் வீட்டை உடனே விற்றுவிடாதீர்கள்.

சில பெற்றோர் பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்பதற்காகவே 'எனக்கு அங்கே போகச் சம்மதம்' என்கின்றனர். அது விருப்பமா, வருத்தமா என்பதை அருகில் அமர்ந்து கேட்டால்தான் தெரியும். சிலர் உண்மையாகவே தம் வயதினரோடு அமைதியாக வாழ விரும்புகின்றனர். அவர்களை ஊர்ப் பேச்சுக்கு அஞ்சித் தடுப்பதும் முறையன்று.

அன்பிற்குரியவர்களே! பெற்றோர் எந்தக் கூரையின் கீழ் வாழ்ந்தாலும், அவர்கள் நம் பொறுப்பில் இருக்கிறார்களா என்பதே நாளை நம்மிடம் கேட்கப்படும். ஒரே வீட்டில் இருந்தும் நாள்கணக்கில் பேசாத மகன் உண்டு. தொலைவில் இருந்தும் வாரந்தோறும் வந்து நகம் வெட்டிவிட்டு, மருந்தை எண்ணி வைத்துவிட்டுச் செல்லும் மகளும் உண்டு. பராமரிப்பை வேறொருவரிடம் கூலிக்கு ஒப்படைக்கலாம். பிள்ளை என்ற பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

நாம் சிறியவர்களாக இருந்தபோது நம்மைப் பரிவுடன் வளர்த்த பெற்றோர் மீது வல்ல அல்லாஹ் அருள் பொழிவானாக! அவர்களின் முதுமையைக் கண்ணியத்துடன் கழிக்கச் செய்யும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.