கொலோன் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும்

எமது ஊர் வீடுகளில் ‘ஓடிக்கொலோன்’ போத்தல் இல்லாத அலுமாரி அரிது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியோடு அது கிடந்தது. மயங்கி விழுந்தவரின் மூக்கருகே நீட்டப்பட்டது. மரணவீட்டில் தெளிக்கப்பட்டது. அப்பெயரின் பொருள் ‘கொலோன் தண்ணீர்’ என்பதையும், 1709ஆம் ஆண்டில் ஃபரீனா என்னும் இத்தாலியக் குடும்பத்தார் இந்நகரில் தொடங்கிய வணிகத்தின் வழியே அது உலகெங்கும் பரவியது என்பதையும் நாம் அகதியாக இங்கு வந்து சேர்ந்த பின்னரே அறிந்தோம். குளொக்கன்காஸ தெருவில் 4711 என்ற இலக்கத்தைத் தாங்கி நிற்கும் இன்னொரு வாசனைத் திரவிய நிலையத்தின் முன்னால் நின்று, அம்மாவின் அலுமாரியை நினைத்துக் கொண்டதும் உண்டு.

இத்தனையையும் இங்கு சொல்ல நேர்ந்ததன் காரணம், சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலையில் எமது வீட்டில் நிகழ்ந்த சிறியதொரு விபத்து. உறவினர் வீட்டுப் பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். பதினான்கு வயதான எமது மகள் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று, முடியைச் சுருட்டும் மின்கோலால் நெற்றியோரத்து மயிரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் வாகனக்காரர் ஒலி எழுப்பினார். அவள் திரும்பினாள். கோல் நெற்றியில் ஒட்டி எடுத்தது. அலறல் கேட்டு அம்மம்மா ஓடிக்கொலோன் போத்தலுடன் ஓடி வந்தார். பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகள் விரிவுரை செய்த நாமோ பற்பசைக் குழாயுடன் ஓடினோம். மனைவி குளிர்ப்பெட்டியைத் திறந்து ஐஸ்கட்டியை எடுத்தார். மூவரும் அன்பினாலேயே ஓடினோம். மூவரும் தவறான பொருளையே எடுத்தோம். கைக்கெட்டிய தூரத்தில், அவள் நின்ற அதே இடத்தில், தண்ணீர்க் குழாய் இருந்தது. அதை எவரும் திறக்கவில்லை.

முடியை நேராக்கும் இடுக்கியும் சுருட்டும் கோலும் 180 முதல் 230 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடியவை. மனிதத் தோலுக்கு அவ்வளவு வெப்பம் தேவையே இல்லை. 60 பாகையில் ஏறத்தாழ ஐந்து விநாடியில் தோல் வெந்துவிடும்; 70 பாகையில் ஒரு விநாடி போதும். இது 1947ஆம் ஆண்டிலேயே மொறிற்ஸ், ஹென்றிக்ஸ் ஆகிய இருவர் அமெரிக்காவில் ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு. குழந்தைகளின் தோல் மெல்லியதாகையால் அவர்களுக்கு இதனினும் குறைந்த நேரமே போதும். கோலை எடுத்துவிட்டால் சுடுவது நின்றுவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. தோலுக்குள் புகுந்த வெப்பம் அங்கேயே தங்கி, கீழுள்ள படைகளையும் வேகவைத்துக் கொண்டிருக்கும். முதலுதவியின் வேலை அந்த வெப்பத்தை வெளியே இழுப்பது. அந்த வேலையை ஓடும் தண்ணீரைப் போலச் செய்யவல்ல பொருள் வீட்டில் வேறில்லை.

தண்ணீர் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. இருபது பாகையளவில், கைக்கு இதமான குளிர்ச்சியுடன் இருந்தால் போதும். ஜேர்மனியில் பத்து நிமிடம் அளவில் போதும் என்பார்கள். பிரித்தானியரும் அவுஸ்திரேலியரும் இருபது நிமிடம் என்பார்கள். எமது அனுபவத்தில் சிக்கல் அந்தக் கணக்கு வேறுபாட்டில் இல்லை. அரை நிமிடம் பிடித்துவிட்டு ‘இப்போது பரவாயில்லை’ என்று எடுத்துவிடுவதிலேயே சிக்கல். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பிடியுங்கள். நெற்றியிலோ கழுத்திலோ சுட்டிருந்தால் நனைத்த சுத்தமான துணியை வைத்து அடிக்கடி மாற்றலாம். உடனே செய்ய முடியாமற் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. சுட்ட கை வீங்கும் முன்னர் மோதிரம், காப்பு, மணிக்கூடு ஆகியவற்றைக் கழற்றிவிடுதல் நன்று. கைக்குழந்தைகளையும், உடலின் பெரும்பகுதி வெந்தவர்களையும் இவ்வாறு நெடுநேரம் நனைக்கலாகாது; உடல் குளிர்ந்து வேறோர் ஆபத்து வரும். ஆனால் முடிக்கோல் தரும் காயம் பெரும்பாலும் விரலளவுதான்.

இனி, நாம் மூவரும் எடுத்து ஓடிய பொருள்களுக்கு வருவோம். ஐஸ்கட்டி இரத்த நாளங்களைச் சுருக்கி, வெந்த தோலுக்கு மேலும் சேதம் விளைக்கும். பற்பசையில் உள்ள புதினாச் சத்து குளிர்வது போல ஏமாற்றும். உள்ளே வெப்பம் அப்படியே இருக்கும். பின்னர் வைத்தியர் அதனைச் சுரண்டி அகற்றும்போது பிள்ளை இரண்டாம் முறை அலறும். தேங்காய் எண்ணெயும் நெய்யும் வெப்பம் வெளியேறும் வழியை மூடுபவை. ஊரில் எழுதுமையை ஊற்றியவர்களும் இருந்தார்கள்; நீலத்தின் அடியில் காயத்தின் ஆழத்தை எவர் காண்பது? ஓடிக்கொலோனின் பெரும்பகுதி மதுசாரம். காயத்தில் எரியும் என்பது மட்டுமல்ல, சூடான கோலின் பக்கத்தில் அது தீப்பற்றக்கூடிய திரவமும் ஆகும்.

ஊர் வைத்தியம் அனைத்தையும் நாம் தள்ளிவிடுவதாக எண்ண வேண்டாம். வாழையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை மருத்துவர்கள் கிருமிநீக்கம் செய்த வாழையிலையை எரிகாயங்களின் மேல் கட்டிப் பார்த்து, அது புண்ணில் ஒட்டாமல், நோவின்றிக் கழற்றக்கூடிய மலிவான கட்டாக உதவுகிறது என்று 2003ஆம் ஆண்டில் ஆய்வேட்டில் எழுதினார்கள். எமது பாட்டிமாரின் கைக்கு ஏதோ தெரிந்திருந்தது. கொலோனில் வாழையிலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மருந்துக் கடையில் புண்ணில் ஒட்டாத கட்டுத்துணி கிடைக்கும். அதுவே இங்கத்தைய வாழையிலை. பஞ்சை மட்டும் வைக்க வேண்டாம், நார் ஒட்டும். கொப்புளம் எழும்பினால் குத்தி உடைக்க வேண்டாம். அந்தத் தோலே கீழுள்ள புண்ணுக்கு இயற்கை தந்த கட்டு. நோவுக்குப் பரசிற்றமோல் போதுமானது. ஏற்புவலித் தடுப்பூசி காலாவதியாகவில்லையா என்பதைத் தடுப்பூசிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் முடிக்காகச் சுட்டுக்கொள்வது இக்காலத்துப் பிள்ளைகளின் கூத்து என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கின்றோம். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஜேர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்தில் தொட்னௌ என்னும் சிற்றூரில் 1872ஆம் ஆண்டில் ஒரு செருப்புத் தைப்பவருக்கு மகனாகப் பிறந்த கார்ல் நெஸ்லர், முடியை நிரந்தரமாகச் சுருட்டும் வழியைத் தேடியவர். அவருடைய முதற் சோதனைகள் தம் மனைவி கத்தரீனாவின் தலையிலேயே நடந்தன. முடி கருகி உதிர்ந்தது. மண்டைத் தோலும் வெந்தது. அதன் பின்னும் அந்த அம்மையார் தலையைக் கொடுத்தார் என்பதை எண்ணும்போது கண்டுபிடிப்பின் பெருமையில் பாதியை அவருக்குக் கொடுக்கவேண்டும் என்றே எமக்குத் தோன்றுகிறது. 1906ஆம் ஆண்டில் இலண்டனில் நெஸ்லர் தமது முறையைப் பகிரங்கமாகக் காட்டினார். கனத்த பித்தளை உருளைகள், தலைக்குமேல் சரவிளக்குப் போலத் தொங்கும் பாரங்கள், பல மணி நேர இருப்பு. முதலாம் உலகப் போர் மூண்டதும் ஜேர்மனியர் என்ற காரணத்தால் பிரித்தானியாவில் அவர் பகைநாட்டவராகிவிட, 1915இல் அமெரிக்கா சென்றார். அங்கேயே 1951இல் இறந்தார். அவரும் புலம்பெயர்ந்தவரே.

எமது அம்மாமார் காலத்தில் சிரட்டைக்கரி போட்டு உடுப்பு அழுத்தும் பெட்டி முற்றத்தில் இருந்தது. அது சூடானது என்பதைக் கரியின் சிவப்பும் புகையும் சொல்லின. இன்றைய இடுக்கிக்குப் புகையில்லை, சிவப்பில்லை. ஒரு சிறு விளக்கு எரியும். அணைத்த பின்னர் அதுவும் இல்லை. தகடு மட்டும் நெடுநேரம் சுடும். ஆபத்து அங்கேதான் இருக்கின்றது. பாவித்து முடித்ததும் கட்டிலிலோ நிலத்திலோ வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடுகிறோம். தவழும் குழந்தைக்கு அது பளபளக்கும் விளையாட்டுப் பொருள். தொங்கும் மின்கம்பியைப் பிடித்து இழுத்தால் தலையிலேயே விழும். எனவே கோலை வைப்பதற்கு எரியாத, உயரமான ஓர் இடத்தை நிரந்தரமாக ஒதுக்குங்கள்; ஓட்டுத் தரையில் வெப்பம் தாங்கும் விரிப்பும் போதும். மின்கம்பி தொங்கக் கூடாது. முடியின் ஈரம் முற்றாகக் காய்ந்த பின்னரே இடுக்கியை எடுக்க வேண்டும். ஈரமுடியில் தகடு பட்டால் எழும் ஆவி காதையும் கழுத்தையும் சுடும், மயிர்த்தண்டுக்குள் குமிழிகளும் உண்டாகும். எண்ணெய் வைத்த தலைக்கும் இடுக்கிக்கும் உறவு கூடாது. முடிக்குத் தெளிக்கும் திரவத்தைத் தெளித்த கையோடு சூடான கோலை எடுப்பதும் கூடாது. நெற்றி, காது, பிடரி ஆகிய இடங்களில் முடிக்கும் தோலுக்கும் இடையே சீப்பை வைத்துக்கொள்ளும் பழக்கம் சிகையலங்காரக் கடைகளில் உண்டு. அதனை நம் பிள்ளைகளும் பழகலாம்.

வாங்கும்போது ‘ஜி.எஸ்.’ முத்திரையைப் பாருங்கள். பொருளைச் சுயாதீனமான நிலையமொன்று சோதித்தது என்பதற்கான அடையாளம் அது. 1977 முதல் ஜேர்மனியில் வழக்கில் உள்ளது. அத்தகைய சோதனை நிலையங்களுள் ஒன்றான ரி.யூ.எஃப். றைன்லாந்தின் தலைமையகம் இந்த எமது கொலோன் நகரிலேயே இருக்கின்றது. தானாக அணையும் கருவியாயின் இன்னும் நல்லது.

வைத்தியரிடம் எப்போது போகவேண்டும்? தோல் சிவந்து மட்டும் இருந்தால் வீட்டு வைத்தியம் போதும். கொப்புளம் உள்ளங்கையளவுக்குப் பரந்திருந்தால், முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் இருந்தால், குழந்தையாக இருந்தால், போகத்தான் வேண்டும். வெந்த இடம் வெளுத்தோ கருகியோ இருந்து, நோவே இல்லை என்றால் ஆறுதல் கொள்ளாதீர்கள். நரம்பும் வெந்துவிட்டது என்பதே அதன் பொருள். கோல் கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு அன்றே கண் வைத்தியரைக் காணவேண்டும். கடும் எரிகாயங்களுக்கென இந்நகரில் றைன் நதியின் வலக்கரையில் மெர்ஹைம் வைத்தியசாலையில் தனிப்பிரிவு இருக்கின்றது. பிள்ளைகளின் எரிகாயம் குறித்துப் பெற்றோருக்கு ஆலோசனை வழங்கும் ‘பௌலீன்சென்’ என்னும் அமைப்பு 1993 முதல் ஜேர்மனியில் இயங்கி வருகின்றது.

இவற்றையெல்லாம் அறிந்தும் போகாதவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளை நிலத்திற் கிடந்த இடுக்கியைப் பிடித்துவிட்டது. உள்ளங்கையில் நீண்ட கோடாக வெந்த அடையாளம். இரண்டு நாள் அவர்கள் வைத்தியரிடம் போகவில்லை. அகதி வழக்கு முடியவில்லை. ‘இதைப் பார்த்தால் பிள்ளையை நாங்கள் சுட்டோம் என்று இளைஞர் நலப் பணிமனைக்கு அறிவித்து விடுவார்களே’ என்று தாய் அழுதார். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். உடலில் ஒரு தழும்பு இருந்தால் சோதனைச் சாவடியில் அது எப்படி வந்தது என்று விசாரிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். ஆனால் இங்கு கேட்கும் கேள்விக்கு உள்ளதைச் சொல்வதே காப்பு. எப்போது, எங்கே, எந்தக் கருவியால், தண்ணீரில் எவ்வளவு நேரம் பிடித்தோம் என்று ஒரே கதையை நேராகச் சொல்லும் பெற்றோரை வைத்தியர் இலகுவில் விளங்கிக்கொள்வார். ஐயத்தை வளர்ப்பது இரண்டு நாள் மறைப்பே. மூன்றாம் நாள் அவர்கள் சென்றபோது புண்ணில் கிருமி பற்றியிருந்தது. குணமாக வாரங்கள் பிடித்தன. விரல்கள் மடங்காமற் போய்விடாதிருக்கப் பயிற்சியும் தேவைப்பட்டது.

அகதி விண்ணப்பதாரருக்கும் அவசர நோய்க்கும் நோவுக்கும் வைத்தியம் பெறும் உரிமை 1993ஆம் ஆண்டின் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான வேளையில், சமூக நலப் பணிமனையின் பத்திரம் கையில் இல்லை என்று வீட்டில் இருக்க வேண்டாம். அவசரத்துக்கு 112. வைத்தியர் பூட்டியிருக்கும் இரவிலும் வார இறுதியிலும் அவசரமல்லாத தேவைக்கு 116117. மொழி தடுமாறினால் மூன்று சொற்களை மனனம் செய்துகொள்ளுங்கள்: எரிகாயத்துக்கு ‘ஃபெயர்பிறெனுங்’, முடி நேராக்கும் இடுக்கிக்கு ‘கிளெற்-ஐசன்’, சுருட்டும் கோலுக்கு ‘லொக்கன்ஷ்ராப்’.

எமது மகளின் நெற்றியில் ஒரு கபில நிறக் கோடு நெடுநாள் இருந்தது. நம்மைப் போன்ற கருந்தோலில் காயம் ஆறிய இடம் கறுத்துப்போவது இயல்பு. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். ஓராண்டு காலம் வெயில் தடுப்புக் களிம்பு பூசும்படி வைத்தியர் சொன்னார். ‘கொலோனில் வெயில் எங்கே இருக்கின்றது?’ என்று அம்மம்மா கேட்டார். ஆனாலும் ஒவ்வொரு காலையும் பேத்தியைப் பிடித்து நிறுத்திப் பூசிவிட்டவரும் அவரே. ஓடிக்கொலோன் போத்தல் இன்னும் அவருடைய அலுமாரியில் இருக்கின்றது, காய்ச்சலுக்கு.