வினவி மாற்றுதல்: தேடுகருவியும் தமிழ்ச் சொல்லமைப்பும்

ஒரு கட்டுரைத் தொகுப்பில் 'மலாயா' என வரும் இடமெல்லாம் 'மலேசியா' என மாற்ற விரும்புகிறோம் எனக் கொள்வோம். கட்டளைவரியில் இயங்கும் 'செட்' கருவிக்கு இதனை ஒரே வரியில் பணித்துவிடலாம். அது நம்மிடம் எதுவும் வினவாது, நொடியில் முடித்துவிடும். பிறகு பார்த்தால் மலாயாப் பல்கலைக்கழகம் பெயர் மாறியிருக்கும். 1941இல் புறப்பட்ட ஜப்பானியப் படை, 1963இல் தோன்றிய நாட்டுக்குள் புகுந்திருக்கும்! எழுத்தளவில் பிழையில்லை. மாணவர் கையில் அத்தொகுப்பு சேரும்போது அது வரலாற்றுப் பிழையாகிறது.

எந்த 'மலாயா' மாறலாம், எது மாறலாகாது என்பதைப் படிப்பவரே முடிவு செய்ய இயலும். ஆதலின் 'விம்' தொகுப்பியில் மாற்றுக் கட்டளையின் இறுதியில் 'சி' என்னும் எழுத்தைச் சேர்த்தால், கருவி ஒவ்வோரிடத்திலும் நின்று வினவுகிறது. 'ஒய்' என்றால் மாற்றும். 'என்' என்றால் விட்டுச் செல்லும். 'கியூ' என்றால் நிறுத்தும். 'எல்' என்றால் இவ்விடத்தை மட்டும் மாற்றி நிறுத்தும். எஞ்சிய அனைத்தையும் வினவாமல் மாற்றும் 'ஏ' விசையும் உண்டு. நாற்பது முறை விடையளித்துச் சலித்த விரல் அதனையே நாடும் என்பதால், அவ்விசைக்கு மட்டும் மீண்டுமொரு வினா இருத்தல் நன்று என்பது நம் கருத்து.

தமிழுக்கு இவ்வளவு போதாது. 'மர' எனத் தேடினால், குறியீடுகளை மட்டும் ஒப்பிடும் கருவி 'மருத்துவர்' என்பதிலும் நிற்கும். நாம் 'ரு' என்பதை ஓரெழுத்தாகக் கற்பிக்கிறோம். யூனிக்கோடிலோ அது ரகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். அங்கே 'ஒய்' அழுத்தினால், கைவிடப்பட்ட உகரக் குறி புதுச்சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும். உயிர்மெய்யின் நடுவே முடியும் பொருத்தத்தை வினாவாகக் கொண்டுவருவதே தவறு. கருவி அதனைத் தானே தள்ளிவிட வேண்டும்.

சொல்லின் ஈறு இதனினும் கடினமானது. 'புத்தகம்' என்பதை 'நூல்' ஆக்க முனைவோம். 'புத்தகம்' எனத் தேடினால் 'புத்தகத்தை', 'புத்தகங்கள்' ஆகியன அகப்படா. மகர ஈறு திரிந்துவிட்டது. 'புத்தக' எனச் சுருக்கித் தேடினால் எல்லாம் அகப்படும். ஆனால் 'நூல்த்தை', 'நூல்ங்கள்' என்னும் வடிவங்கள் பிறக்கும். 'விம்' தன் வினாவில் மாற்றுச் சொல்லை மட்டுமே காட்டுகிறது. மாற்றியபின் வரி எவ்வாறு அமையும் என்பதையும் காட்டினால்தான் 'நூல்ங்கள்' நம் கண்ணில் படும். கண்டபின் 'ஆம்', 'இல்லை' என்னும் இரு விடைகளும் உதவா. அவ்விடத்திலேயே 'நூல்கள்' எனத் திருத்த வழி வேண்டும். 'ஈமாக்ஸ்' தொகுப்பியில் இவ்வசதி உண்டு. முந்தைய இடத்திற்குத் திரும்பிச் செல்லவும் அது இடந்தருகிறது.

வெறும் 'என்டர்' விசைக்கு என்ன பொருள்? 'இல்லை' என்றே கொள்ளவேண்டும். விட்டுப்போன சொல்லை மறுமுறை தேடிக் கண்டுபிடிக்கலாம். தவறாக மாறிய 'மலேசியா', சரியான நூறு 'மலேசியா'க்களுக்கிடையே மறைந்துவிடும்.